விட்டத்தில் எழுதிய பெயர்

பெய்ஜிங் அரண்மனையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், அறுநூறு ஆண்டுப் பழைய மாளிகைக்குள் நடந்து வந்ததாகச் சொல்வார்கள். இடத்துக்கு அந்த வயது உண்டு. மிங் மரபின் யோங்லெ பேரரசர் 1406-இல் வேலையைத் தொடங்கி 1420-இல் முடித்தார். அரியணை வைத்திருக்கும் தைஹெ மண்டபத்துக்கோ அந்த வயது இல்லை. கட்டி முடித்த மறு ஆண்டே இடி விழுந்து பெரிய மண்டபங்கள் மூன்றும் எரிந்துபோயின. வானம் தன்மேல் சினந்துவிட்டதோ என்று கலங்கிய பேரரசர், ஆட்சியில் என்ன குறை என்று அதிகாரிகளைக் கேட்டார். இருபது ஆண்டு கழித்துத்தான் மண்டபங்கள் மறுபடி எழுந்தன. 1557-இல் திரும்ப எரிந்தன, 1597-இலும் எரிந்தன. 1679-இல் சமையல் கட்டுப் பக்கமிருந்து பரவிய தீ தைஹெ மண்டபத்தை இன்னொரு முறை தின்றது. இன்று நாம் அண்ணாந்து பார்ப்பது காங்சி பேரரசர் 1695-இல் கட்டத் தொடங்கிய மண்டபம். யோங்லெ காலத்துத் தூண்கள் தென்மேற்கு மலைக்காடுகளிலிருந்து வந்த நன்மு மரம். காங்சி காலத்தில் அந்தப் பருமனில் மரம் கிடைக்கவில்லை. பைன் மரத்தால் சமாளித்தார்கள்.

முற்றங்களில் நிற்கும் பெரிய உலோகத் தொட்டிகளை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். தீயணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்த தொட்டிகள் அவை. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடாமலிருக்க மூடி போட்டு, போர்வை சுற்றி, அடியில் கரி மூட்டுவார்கள். அத்தனை ஆள், அத்தனை காவல், அத்தனை பொன் இருந்தும் அரியணை மண்டபத்தைத் தீயிலிருந்து காக்க முடியவில்லை.

கட்டடக்கலை வரலாறு சொல்லிக்கொடுப்பது என் தொழிலாக இருந்தது. சீனாவின் மிகப் பழைய மரக் கட்டடம் எது என்று மாணவர்களைக் கேட்டால், எல்லாரும் தலைநகரங்களில்தான் தேடுவார்கள். விடை ஷான்சி மாகாணத்து மலைக்குள் இருக்கிறது. வூதாய் மலையின் வெளிவட்டத்தில், பேரரசர்கள் எட்டிப் பார்க்காத இரண்டு கோயில்கள். ஒன்று நான்சான், அதன் மண்டபம் 782-இல் கட்டியது. மற்றொன்று ஃபோகுவாங், அதன் கிழக்கு மண்டபம் 857-இல் கட்டியது. இரண்டாவதைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெய்ஜிங்கில் பார்த்த எதுவும் என்னை அந்த மண்டபத்தின் அளவுக்கு அசைக்கவில்லை.

1930-கள் வரைக்கும் தாங் அரசமரபின் காலத்து மரக் கட்டடம் ஒன்றுகூடச் சீன மண்ணில் மிஞ்சவில்லை என்றே அறிஞர்கள் நம்பினார்கள். சீனாவைச் சுற்றி ஆய்வு செய்த ஜப்பானியர்கள் அதை வெளிப்படையாகவே சொன்னார்கள்: தாங் காலக் கட்டடம் பார்க்க வேண்டுமா, நாராவுக்கு வாருங்கள். சீனா தன் தச்சுக்கலையை ஜப்பானுக்குக் கொடுத்துவிட்டுத் தானே தொலைத்துவிட்டது என்று அதற்குப் பொருள். ஓர் இளம் தம்பதிக்கு அது பொறுக்கவில்லை.

கணவர் லியாங் சிச்செங், 1901-இல் பிறந்தவர். சீர்திருத்தச் சிந்தனையாளர் லியாங் சிசாவின் மகன். மனைவி லின் ஹுய்யின், 1904-இல் பிறந்தவர்; கவிஞர். 1924-இல் தாகூர் சீனாவுக்கு வந்தபோது மொழிபெயர்ப்பாளராகக் கூட இருந்தவர்களில் இந்த இளம்பெண்ணும் ஒருவர். இருவரும் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார்கள். கட்டடக்கலைத் துறையில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். லின் நுண்கலைத் துறையில் பெயரைப் பதிந்துகொண்டு கட்டடக்கலைப் பாடங்களைப் படித்தார். அந்தப் பட்டம் அவர் பெயருக்கு வந்தது 2024-இல். அவர் இறந்து அறுபத்தொன்பது ஆண்டு கழித்து. தாமதமாக வந்தாலும் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. இந்தக் கதையின் உச்சத்தில் நிற்பது அந்தப் பெண்ணின் கண்கள்.

படிக்கும் காலத்தில் லியாங்குக்கு அவர் தந்தை ஒரு நூலை அனுப்பிவைத்தார். சோங் மரபு காலத்தில் அரசவைக்காக லி ஜியே தொகுத்து 1103-இல் வெளிவந்த ‘யிங்ஸாவ் ஃபாஷி’ என்ற தச்சு நூல் அது. தலைமுறை தலைமுறையாகத் தச்சர் வாயில் புழங்கி மறைந்துபோன சொற்கள் பக்கத்துக்குப் பக்கம். படித்தால் புரியவில்லை. புரியவேண்டுமென்றால் அந்தக் காலத்துக் கட்டடம் ஒன்று கண்முன் நிற்க வேண்டும் என்று லியாங் உணர்ந்தார். நாடு திரும்பியதும் அந்தத் தேடலையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். மகன் பிறந்தபோது லி ஜியேவின் நினைவாகக் கொங்ஜியே என்று பெயர் வைத்தார்.

எங்கே போய்த் தேடுவது? பழைய ஊர்வரலாறுகளைப் புரட்டினார்கள். நாட்டுப்புற மக்கள் வாயில் வழங்கிய சொலவடைகளைக்கூட விடவில்லை. யிங்சியான் ஊரில் பெரிய மரக்கோபுரம் ஒன்று உண்டு என்று அப்படித்தான் தெரிந்தது. அது இன்னும் நிற்கிறதா என்று அறிய லியாங் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘யிங்சியானின் முதன்மைப் புகைப்பட நிலையத்துக்கு’ என்று முகவரி எழுதி, கோபுரத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி ஒரு கடிதம் போட்டார். படம் வந்தது. கூலியாக அந்தக் கடைக்காரர் பணம் கேட்கவில்லை. பெய்ஜிங்கில் கிடைக்கும் நல்ல கடிதத் தாளும் உறையும் அனுப்பச் சொன்னார். 1056-இல் கட்டிய அறுபத்தேழு மீட்டர்க் கோபுரம் நிற்பது உறுதியாயிற்று. லியாங் போய் அளந்து வரைந்தார்.

ஃபோகுவாங்குக்கு வழி காட்டியது ஓவியம். துன்ஹுவாங் குகைகளைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெலியோ படம் எடுத்து வெளியிட்டிருந்தார். 61-ஆம் குகையின் சுவரில் வூதாய் மலை முழுவதும் கோயில் கோயிலாகத் தீட்டிக் கிடக்கிறது. அதில் ஒன்றின் அருகே ‘மகா ஃபோகுவாங் கோயில்’ என்று பெயர் எழுதியிருந்தது. லியாங் யோசித்தார். வூதாயின் நடுவில் உள்ள தாய்ஹுவாய் ஊரில் பக்தர் கூட்டம் அதிகம், காணிக்கை அதிகம்; அங்கே கோயில்களைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பழையது எதுவும் மிஞ்சியிராது. ஃபோகுவாங் வெளிவட்டத்தில் இருக்கிறது. போகிறவர் குறைவு, பணமும் குறைவு. அங்கே பழையது தப்பியிருக்கலாம்.

1937 ஜூன் மாதம் லியாங், லின், உடன் மோ ஜோங்ஜியாங், ஜி யுதாங் ஆகிய இளைஞர்கள் இருவர் கிளம்பினார்கள். தாய்யுவான் வரை ரயில், பிறகு கார், கார் போகாத இடத்தில் கோவேறு கழுதை. லியாங்குக்கு இளமையில் நடந்த விபத்தில் கால் நொண்டி. முதுகெலும்பிலும் தீராத வலி. லின்னுக்குக் காசநோய். இந்த இருவரும் மலைப்பாதையில் கழுதை மேல் போனார்கள்.

மண்டபத்தைப் பார்த்த கணமே இது மிகப் பழையது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பார்வைக்குப் பழையதாக இருப்பது வேறு, எழுத்தில் ஆண்டு கிடைப்பது வேறு. கட்டிய ஆண்டைக் கூரைக்கடியில் முகட்டு மரத்தில் எழுதும் வழக்கம் சீனத் தச்சரிடம் உண்டு. அதைத் தேடி உட்கூரைக்கு மேலே இருட்டுக்குள் ஏறினார்கள். பல நூற்றாண்டுத் தூசி மெத்தை மாதிரிக் கிடந்தது. உத்தரங்களில் ஆயிரக்கணக்கான வௌவால்கள். அவற்றின் இரத்தத்தைக் குடித்து வாழும் மூட்டைப்பூச்சிகள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அளந்தார்கள், கைவிளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்தார்கள். மூச்சுவிட வெளியே வந்தபோதுதான் உடம்பெல்லாம் பூச்சி கடித்திருப்பது தெரிந்தது. முகட்டில் எழுத்து இல்லை.

சில நாள் கழித்து மண்டபத்துக்குள் நின்றுகொண்டிருந்த லின், தலைக்கு மேலே ஒரு விட்டத்தின் அடிப்பக்கம் மை படிந்த தடம் தெரிவதாகச் சொன்னார். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தூரப்பார்வை, அருகில் உள்ளதைவிட எட்ட உள்ளது நன்றாகத் தெரியும். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து நின்று, இந்தக் கோணம் அந்தக் கோணம் என்று மாறி மாறிப் பார்த்து, சில எழுத்துகளைப் பிடித்தார். அதில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது: புத்த மண்டபத்தின் கொடையாளி, பெண் அடியார் நிங் கோங்யு.

இது கண்மயக்கோ என்று லின்னுக்கே ஐயம். வெளியே ஓடி, வாசலுக்கு எதிரே நிற்கும் கல்தூணைப் பார்த்தார். எட்டுப்பட்டை வைத்து, மந்திரம் செதுக்கிய தூண். அதிலும் அதே பெயர் இருந்தது. கூடவே ஆண்டும் இருந்தது. தாஜோங் பதினோராம் ஆண்டு. நம் கணக்கில் 857.

கிராமத்து ஆட்களைக் கொண்டு சாரம் கட்டினார்கள். விட்டத்தின் மேல் பின்னாளில் யாரோ காவி பூசியிருந்தார்கள். துணியை நனைத்துத் துடைத்தால் எழுத்து எழுந்து வரும், காய்ந்தால் மறைந்துவிடும். நனைப்பதும் படிப்பதுமாக மூன்று நாள் ஆனது முழுவதையும் எழுதி எடுக்க. ஆண்டு உறுதியான அந்த மாலையில், வெயில் மண்டபத்து முகப்பில் விழுந்துகொண்டிருக்க, பத்திரப்படுத்தி வைத்திருந்த டப்பா உணவையெல்லாம் பிரித்து முற்றத்திலேயே விருந்து வைத்தார்கள். ஜப்பானியர் சொன்னது பொய்யாயிற்று.

அதே வாரத்தில், ஜூலை 7 அன்று, பெய்ஜிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் ஜப்பானியப் படை சுடத் தொடங்கியிருந்தது. மலைக்குள் இருந்தவர்களுக்கு அது தெரியாது. இறங்கி தாய்சியான் ஊருக்கு வந்தபின் பழைய செய்தித்தாளைப் பார்த்துத்தான் போர் மூண்டதை அறிந்தார்கள்.

விட்டத்தில் பெயர் உள்ள நிங் கோங்யு யார்? தலைநகர் சாங்ஆனிலிருந்து காணிக்கை கொண்டுவந்து இந்த மண்டபத்தைக் கட்டுவித்த பெண். மண்டபத்து மேடையில் புத்தரும் போதிசத்துவர்களும் காவலருமாக முப்பதுக்கும் மேற்பட்ட பெரிய மண்சிற்பங்கள். மேடையின் ஓர் ஓரத்தில், ஆள் அளவுச் சிற்பம் ஒன்று தனியே உட்கார்ந்திருக்கிறது. நகை இல்லை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இல்லை. தாங் காலத்து நடுத்தர வயதுப் பெண்ணின் அன்றாட உடை. கைகளை அங்கிக்குள் மறைத்து, சற்றே தடித்த உடம்போடு, அமைதியாகச் சம்மணம் போட்டிருக்கிறாள். கோயிலில் இருந்தவர்கள் அது பேரரசி வூ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விட்டத்தைப் படித்தபின்தான் அவள் நிங் கோங்யு என்று புரிந்தது. லின் அந்தச் சிற்பத்தின் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் காட்டுவேன். கட்டிய பெண்ணும் கண்டுபிடித்த பெண்ணும், நடுவில் ஆயிரத்தெண்பது ஆண்டு.

நான் போனபோது கூட்டமே இல்லை. கோயில் மேற்கு நோக்கியது. மண்டபம் மலைச்சரிவை வெட்டிய உயரமான மேடையில் நிற்கிறது. செங்குத்தான படி ஏறித் தலையை நீட்டினால் முதலில் கண்ணில் படுவது கூரையின் இறவாணம். தூண் வரிசையைத் தாண்டி நான்கு மீட்டர் அளவுக்கு வெளியே நீண்டு நிற்கிறது, அதுவும் ஓட்டின் முழுப் பாரத்தோடு. அதைத் தாங்குவது போதிகை அடுக்கு. தூண் தலையில் ஒரு கனத்த கட்டை. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கைகள். ஒவ்வொரு கை நுனியிலும் மறுபடி கட்டை, மறுபடி கை. இப்படி நான்கு படி வெளியே வருகிறது. ஓர் அடுக்கின் உயரம் தூணின் உயரத்தில் பாதி. பெய்ஜிங் அரண்மனையில் இதே போதிகைகள் வண்ணம் தீட்டிச் சிறுத்து, நெருக்கமாக, மாலை கட்டியதுபோல் வரிசை போடுகின்றன. அங்கே பெரும்பாலும் அலங்காரம். இங்கே பாரம் சுமக்கும் உறுப்பு.

அடுக்குக்குள்ளிருந்து சாய்வாகக் கீழிறங்கி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நீண்ட மரங்களை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்றத்துத் துலா வேலை செய்கிற மாதிரிதான் அவையும். வெளி நுனியில் இறவாணம் அழுத்துகிறது. உள் நுனியை உள்கூரையின் பாரம் அழுத்துகிறது. நடுவில் போதிகை தாங்குகிறது. பாரத்தைப் பாரத்தாலேயே நிறுத்தியிருக்கிறார்கள். மூட்டுகள் துளையும் கழுந்துமாகப் பொருத்தியவை. நில நடுக்கம் வந்தால் ஆயிரம் மூட்டும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், முறியாது. லி ஜியேவின் நூல் வெளிவருவதற்கு 246 ஆண்டு முன்பே கட்டிய மண்டபம் இது. அந்த நூல் சொல்லும் ஒழுங்கு, ஒரே மரத்தின் அளவை அலகாக வைத்து எல்லா உறுப்பையும் கணக்கிடுவது, இங்கே அப்படியே இருக்கிறது. எழுதாத நூலைக் கையால் கற்ற தச்சர்கள்.

இந்த மண்டபத்துக்கு முன்னால் இதே இடத்தில் இன்னொன்று இருந்தது. 845-இல் பேரரசர் வூசோங் பௌத்தத்தை ஒழிக்க ஆணையிட்டார். 4,600-க்கும் மேற்பட்ட கோயில்களும் நாற்பதாயிரம் சிறு வழிபாட்டு இடங்களும் இடிபட்டன. 260,500 துறவிகளும் துறவினிகளும் காவியைக் களைய வேண்டியிருந்தது. ஃபோகுவாங்கும் அதில் போயிற்று. பேரரசர் மறு ஆண்டே இறந்தார். அடுத்தவர் ஆணையைத் திரும்பப் பெற்றார். அதன்பிறகு யுவான்செங் என்ற துறவி முன்னின்று, நிங் கோங்யுவின் கொடையால் எழுப்பியதே இன்றுள்ள மண்டபம். நான்சான் மட்டும் 845-இல் எப்படித் தப்பியது? மூன்று பத்தி அகலமே உள்ள சின்னக் கோயில், வாய்க்காலோரத்துக் கிராமத்தில் ஒதுங்கிக் கிடந்தது. அதிகாரிகளின் பட்டியலில் அது ஏறவே இல்லை என்றுதான் கருதுகிறார்கள். 1953-இல்தான் வெளியுலகுக்கு அது தெரியவந்தது.

வூதாய்க்கும் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தென்னிந்தியாவிலிருந்து இலங்கை வழியாகக் கடலில் சென்ற வஜ்ரபோதி, 720 வாக்கில் தாங் தலைநகரை அடைந்தார். அவருடைய மாணவர் அமோகவஜ்ரர். ஆசான் 741-இல் இறந்தபின் அமோகவஜ்ரர் நூல்கள் தேடி இலங்கைக்குப் போய்த் திரும்பினார். வூதாய் மலையை மஞ்சுசிறீ போதிசத்துவரின் உறைவிடமாக அரசவை ஏற்றுப் போற்றியதில் அவர் பங்கு பெரிது. பொன் முலாம் ஓடு வேய்ந்த ஜின்கெ கோயில் அவர் முயற்சியில் அங்கே எழுந்தது. அந்தப் பொற்கூரை இன்று இல்லை. ஏழைக் கோயில்கள் இரண்டும் இருக்கின்றன.

மஞ்சு மரபின் பேரரசர்கள் காங்சியும் சியான்லோங்கும் பலமுறை வூதாய்க்கு யாத்திரை வந்தார்கள். வந்தபோதெல்லாம் தாய்ஹுவாயில் திருப்பணி நடந்தது. புதிது வந்தது, பழையது போனது. 3,061 மீட்டர் உயர வடக்குச் சிகரத்தையும் அரச வருகையின் கல்வெட்டுகளையும் பார்க்கக் கூட்டம் இன்றும் அங்கேதான் அலைமோதுகிறது. சீனாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய மரக் கட்டடங்களில், அதாவது மங்கோலியர் ஆட்சிக்கு முந்தியவற்றில், பெரும்பான்மை ஷான்சியில்தான். வறண்ட காற்று, மலைத்தடுப்பு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பணமில்லாத ஊர்கள். வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கண்டுபிடித்தவர்களின் பின்வாழ்க்கை வருத்தமானது. போருக்கு அஞ்சித் தென்மேற்கே ஓடி, சிச்சுவானின் லிஜுவாங் கிராமத்தில் மண்சுவர் வீட்டில் ஒடுங்கினார்கள். லின் படுக்கையில் கிடந்தபடி குறிப்பெழுத, லியாங் இரும்புக் கச்சை கட்டிய முதுகோடு வரைந்தார். தியான்ஜின் வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போன புகைப்படச் சுருள்களை 1939 வெள்ளம் நாசமாக்கியது. லின் 1955-இல் இறந்தார். பெய்ஜிங்கின் மதில்களை இடிக்க வேண்டாம் என்று லியாங் மன்றாடியது பலிக்கவில்லை. கலாசாரப் புரட்சியில் அவமானப்பட்டு 1972-இல் இறந்தார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய சீனக் கட்டடக்கலை வரலாற்றின் வரைபடங்கள் எங்கெங்கோ போய், 1980-இல் சிங்கப்பூரிலிருந்து மீண்டன. நூல் 1984-இல் வெளிவந்தது. பெய்ஜிங்கில் அவர்கள் குடியிருந்த வீட்டை 2012-இல் இடித்துவிட்டார்கள்.

2021 அக்டோபரில் ஷான்சியில் அடைமழை பெய்தது. வறட்சிக்குப் பழகிய மண்சுவர்களும் ஓட்டுக்கூரைகளும் ஒழுகின, சரிந்தன. 1,700-க்கும் மேற்பட்ட பழைய இடங்கள் சேதமடைந்தன. மறதியும் வறண்ட காற்றும் காத்தது இதுவரைக்கும்தான். இனிமேல் ஆள் வைத்துக் கூரை மாற்றி, பணம் செலவழித்துத்தான் காக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் இருந்தால்தான் அந்தப் பணம் வரும்.

சீனப் பயணம் போகிறவர்கள் பெய்ஜிங் முடிந்ததும் ஷாங்காய்க்கு ஓடிவிடாதீர்கள். பெய்ஜிங்கிலிருந்து தாய்யுவானுக்கு விரைவு ரயிலில் மூன்று மணி நேரம்தான் ஆகிறது. அங்கிருந்து ஒரு கார் பேசினால் நான்சான், ஃபோகுவாங் இரண்டையும் பார்த்துவிடலாம். தொலைநோக்கி ஒன்று எடுத்துப் போங்கள். விட்டத்து மை வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.